செண்பகவடிவுக்குச் சொல்ல வேண்டிய சேதி

என் வேலை, சர்க்கரை நோயாளிகளுக்குக் கெட்ட சேதி சொல்வது. நியமன உத்தரவில் 'தூண்டல் வாசிப்பாளர்' என்று போட்டிருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சேதிக்காரி என்பார்கள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் பெரும்பாலும் காலியாக இருக்கும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், எதிர் வரிசையில் யாராவது ஒருவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பார். அவருக்குச் சர்க்கரை என்று நான் புரிந்துகொள்வேன்.

வேலைக்குப் பெரிய படிப்பு எதுவும் கேட்கவில்லை. குரலில் ஏற்ற இறக்கம் கூடாது, முகத்தில் எதுவும் தெரியக்கூடாது, எவ்வளவு பெரிய சேதியாக இருந்தாலும் ஒரே வாக்கியத்தில் முடிக்க வேண்டும் என்றார்கள். இது எல்லாம் கல்யாணமான நாளிலிருந்தே என்னிடம் இருப்பதாக என் வீட்டுக்காரர் சொன்னார். உலகம்மாள் என்ற என் பெயரை டாக்டர் அன்றே பதிவேட்டில் ஏற்றிவிட்டார்.

டாக்டர் அருமைநாயகம் இந்தப் பரிசோதனையைக் கண்டுபிடித்தது கோபத்தில். அவருடைய சர்க்கரை நோயாளிகள் ஓடும் பட்டையில் நடந்து காட்டினால் இதயம் நன்றாக இருக்கும். ஊசி மருந்தால் இதயத்தை வேகப்படுத்திப் படம் எடுத்தாலும் நன்றாகவே இருக்கும். வீட்டுக்குப் போய் ஒரு போனை எடுப்பார்கள், 'அப்படியா' என்பார்கள், சரிந்துவிடுவார்கள். 'பயப்பட ஒன்றுமில்லை' என்று கையெழுத்துப் போட்ட கையோடு டாக்டர் துஷ்டி வீட்டுக்கு மாலை வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சில தடவை பொறுத்தார். பிறகு அவரால் முடியவில்லை.

கூட வருகிறவர்களுக்கு அவர் விளக்குவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்.

"உங்க அம்மாவுக்கு நெஞ்சு வலின்னு ஒண்ணு வராதுங்க" என்று ஆரம்பிப்பார். "சர்க்கரையில நரம்பு மரத்துப்போச்சு. கால்ல முள்ளு குத்துனா தெரியாம நடக்காங்கல்லா, அதே கதைதான். இருதயத்துக்கு ரத்தம் குறைஞ்சாலும் அவங்களுக்குத் தெரியாது. நாமதான் படம் பிடிச்சுப் பாக்கணும்."

"நடக்கவிட்டுப் பாக்கலாமே டாக்டர்?"

"பாக்கலாம். உங்க அம்மா கடைசியா எப்ப ஓடுனாங்க?"

கேட்டவர் யோசிப்பார். ஞாபகம் வராது.

"நம்ம ஊர்ல யாரும் ஓடிச் சாகலைங்க. சேதி கேட்டுத்தான் சாகாங்க."

ஆகவே அவர் சேதியையே பரிசோதனையாக வைத்துவிட்டார். ரத்தத்தோடு கலந்து இதயச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் ஒரு மருந்தை ஏற்றி, நோயாளியைக் கேமராவுக்குக் கீழே படுக்க வைப்போம். ரத்தம் நன்றாகப் போகும் இடம் திரையில் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். போகாத இடம் கத்தரிப்பூ நிறமாக மாறும். முதலில் அவருக்குப் பிடித்த எதையாவது காதில் போட்டு ஒரு படம். அப்புறம் குடும்பத்தார் இத்தனை நாள் மறைத்து வைத்திருக்கும் சேதியை நான் சொல்வேன். உடனே இன்னொரு படம். ஏதாவது ஆனால் மாற்று ஊசியோடு நர்ஸ் ஜெனிபா பக்கத்திலேயே நிற்பாள். முடிவு மூன்று வகை: சொல்லலாம், பக்குவமாகச் சொல்லலாம், சொல்லக்கூடாது. சொல்லலாம் என்றால் அதற்குள் சொல்லியாகிவிட்டது. அதனால் குடும்பங்களுக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இப்போது இதற்குச் சட்டமே வந்துவிட்டது. சர்க்கரை உள்ளவருக்குச் சாவு, கல்யாணம், வேலை நீக்கம் போன்ற கனத்த சேதியைக் கேமராவுக்கு வெளியே சொல்லக்கூடாது. ஒரு நூற்பாலை, ஆட்குறைப்பு செய்தபோது சர்க்கரை உள்ளவர்களை மட்டும் வேனில் ஏற்றி எங்களிடம் அனுப்பியது. நான் ஒவ்வொருவராக வேலையை விட்டு நிறுத்தினேன். எல்லோருக்கும் இதயம் பழுதில்லை என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பினோம். கல்யாணத் தரகர்கள் மாமனாரின் சேதி வகை என்ன என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். 'சொல்லக்கூடாது' வகை மாமனார் உள்ள வீட்டில் பெண் கொடுக்க நல்ல கிராக்கி. அந்த வீட்டில் மருமகளைப் பற்றி அவரிடம் யாரும் கோள் சொல்ல முடியாதே.

ஒன்றை மட்டும் சட்டம் மாற்றவில்லை. நோயாளியிடம் நோயைச் சொல்லாமல் கூட வந்தவரிடம் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். 'நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க' என்று நோயாளியை அனுப்பிவிடுவோம். அவர் வெளியே உட்கார்ந்து, உள்ளே இருந்து வருகிறவர் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார்.

செண்பகவடிவு அம்மாளையும் அப்படித்தான் வெளியே உட்கார வைத்தோம். தென்காசிப் பக்கம். அறுபது தாண்டியவர், இருபது வருஷத்துச் சர்க்கரை. கூட வந்தது இளைய மகன் குத்தாலிங்கம். முப்பது வயது இருக்கும். வீட்டு மாடியில் உட்கார்ந்து ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கணினி வேலை பார்ப்பவர். வாக்கியத்துக்கு வாக்கியம் 'வந்து, வந்து' என்று தடுமாறிக்கொண்டே சேதியை என்னிடம் சொன்னார்.

அண்ணன் சங்கரபாண்டியன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். போன வருஷம் நடுக்கடலில் தவறி விழுந்துவிட்டார். உடல் கிடைக்கவில்லை. அம்மாவின் சர்க்கரையை நினைத்துக் குத்தாலிங்கம் அதைச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தார். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் பண்ணுகிற நாள்.

குரலை மாற்றித் தரும் செயலி இப்போது யார் போனிலும் இருக்கிறது. அண்ணனின் பழைய பேச்சுகளை அதற்குக் கொடுத்தார். மாடியிலிருந்து இவர் பேச, கீழே அடுக்களையில் அம்மாவின் போனில் சங்கரபாண்டியன் பேசினார். கப்பலில் இணைப்பு மோசம், முகம் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். அது ஒரு வாரத்துக்கு என்று நினைத்துச் செய்தது. வருஷம் முடியப்போகிறது.

"இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டேன்.

அவசரம் இருந்தது. அம்மா அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சும்மா பேச்சாகத்தான் இருந்தது. இப்போது கடையநல்லூரில் ஒரு பெண்ணைப் பார்த்து, அவர்களுக்கும் பிடித்து, அடுத்த முகூர்த்தத்தில் உறுதி செய்து பூ வைக்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. செத்தவனுக்குப் பூ வைக்க முடியாது. அண்ணனுக்கு முடிக்காமல் தம்பிக்குப் பார்க்கும் வழக்கமும் இல்லாததால் குத்தாலிங்கமும் அப்படியே இருந்தார்.

"எப்படியாவது சொல்லிருங்க மேடம்" என்றார். "இனிமே என்னால அண்ணனா இருக்க முடியாது."

பயமும் இருந்தது அவருக்கு. சேதியைக் கேட்டு அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று இரண்டு தடவை கேட்டார். ஆகாது, அதற்குத்தான் கேமரா என்று சொன்னேன். அம்மாவுக்குப் பிடித்த சத்தம் எதையாவது கொண்டுவரச் சொல்லியிருந்தோம். சிலர் பக்திப் பாட்டுக் கொண்டுவருவார்கள், சிலர் பேரப்பிள்ளையின் மழலை. குத்தாலிங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தார். அதைத் தரும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கேமரா அறையில் நானும் ஜெனிபாவும்தான் இருப்போம். டாக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படத்தைப் பார்ப்பார். சேதி குடும்ப விஷயம் என்பதால் சத்தம் அவருக்குப் போகாது. ஜெனிபாவும் காதை அடைத்துக்கொண்டு திரையைத்தான் பார்ப்பாள்.

செண்பகவடிவு அம்மாள் ஏறிப் படுத்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, தயாராக இருக்கிறேன் என்பது போல் கண்ணை மூடினார். பதிவை ஓடவிட்டேன். சங்கரபாண்டியன் குரல் கணீரென்று இருந்தது. கப்பல் சமையல்காரன் ரசத்தில் சீனி போட்ட கதையைச் சொன்னது. பதிவில் அம்மா சிரித்தார், மேஜையிலும் சிரித்தார். திரையில் இதயம் முழுக்க ஆரஞ்சு. இந்த வயதில், இவ்வளவு சர்க்கரையோடு, அப்படி ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. டாக்டர் கண்ணாடிக்குப் பின்னால் கட்டைவிரலை உயர்த்தினார்.

பதிவு முடிந்தது. சேதி சொல்லும் நேரம். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாள் கண்ணைத் திறந்தார்.

"எம்மா, நீதானே சேதிக்காரி?"

"ஆமா."

"எம் பெரியவன் செத்துட்டான்னு சொல்லத்தானே இவ்வளவு தூரம் கூட்டியாந்திருக்கான்?"

நான் பதில் சொல்லக்கூடாது. திரையைப் பார்த்தேன். அதே ஆரஞ்சு. ஒரு புள்ளி மாறவில்லை.

பதில் சொல்லக்கூடாது என்பது போலவே கேள்வி கேட்கவும் கூடாது. எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டேன்.

"மதுரையில ஆபீஸ் வேலைன்னுட்டுப் போனவன் மொட்டையோட வந்தான். கேட்டா, திருச்செந்தூர்ல நேர்ச்சைங்கான். நேர்ச்சை மொட்டைன்னா தலையில சந்தனம் இருக்கும்லா? இவன் தலை காஞ்சு கெடக்கு. மீசையும் இல்ல. அவன் அப்பா போயி எத்தனையோ வருசமாச்சு. நான் இந்தா இருக்கேன். வேற யாருக்கு எம்மா அவன் மீசையை எடுப்பான்?"

காதும் காதும் வைத்த மாதிரி அண்ணனின் காரியங்களை முடித்துவிட்டு, வருகிற வழியில் ஒரு சந்தன வில்லை வாங்கிக் குழைத்துப் பூசிக்கொள்ள அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கே அழுது முடித்துவிட்டதாக அம்மாள் சொன்னார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாராம். மகனிடம் கேட்கலாம் என்று நினைத்திருக்கிறார். அதற்குள் அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

"போன்ல சங்கரபாண்டி பேசுதான். நாமதான் தப்பா நெனச்சுட்டமோன்னு கூட ஒரு நிமிசம் தோணுச்சு. பொறவு 'வந்து, வந்து'ங்கான். குரலை மாத்துன பய, அதை மாத்த மறந்துட்டான்."

"சொல்லிருக்கலாமே, தெரியும்னு."

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் பேசிக்கிட்டே இருந்தான். சங்கரபாண்டி உசிரோட இருக்கையில 'சாப்பிட்டியாம்மா, சரிம்மா, வைக்கேன்', அவ்வளவுதான். செத்தப் பொறவுதான் முக்கா மணி நேரம் பேசுதான்."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் உள் கன்னத்தைக் கடித்துக்கொண்டேன்.

"சின்னவன் மாடியிலயேதான் இருக்கான். சோத்தைப் போட்டா 'போதும்'பான். ஒரு நாளைக்கு அவன் பேச்சு அது ஒண்ணுதான். போன்ல நான் கேப்பேன், தம்பி எப்படிப்பா இருக்கான், உங்கிட்டயாவது சொல்லுதானான்னு. அப்பச் சொல்லுவான். தம்பிக்கு ராத்திரி தூக்கம் வரலியாம். தம்பிக்கு ஆபீஸ்ல மேலதிகாரி ஒருத்தன் தொந்தரவு குடுக்கானாம். தம்பிக்குச் சர்க்கரை வந்திருக்காம், அம்மாட்ட சொல்லிராதன்னு சொன்னானாம். முப்பது வருசமா வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு இருந்த பிள்ளை, எம்மா. இந்த ஒரு வருசமாத்தான் அவன் எனக்குப் பிள்ளையா இருக்கான்."

முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கடையநல்லூர்ப் பெண் என்ன ஆவாள் என்று கேட்டேன். ஊரார் வீட்டுப் பெண்ணை வைத்து விளையாடலாமா என்றும் கேட்டேன். அந்தக் கேள்வி விதியில் இல்லை, என் கோபத்தில் வந்தது.

"நேத்தே தரகர்ட்ட சொல்லியாச்சு, ஜாதகம் பொருந்தலைன்னு. செத்தவன் ஜாதகம் யாருக்குப் பொருந்தும்? பொய்யில்லையே. இதுவரைக்கும் பாத்த பொண்ணு அத்தனையும் அப்படித்தான் தட்டிவிட்டேன். ஒருத்தி நெட்டை, ஒருத்திக்கு நாத்தனார் சாஸ்தி. பொண்ணு பாக்கேன்னு சொன்னாத்தான் அவனுக்கும் பேச ஏதாவது இருக்கும். வெறுமனே எவ்வளவு நேரம் பேசுவான், பாவம்?"

"சின்னவருக்குப் பாக்க வேண்டாமா?"

அவர் பார்வையை என்னிடமிருந்து கூரைக்கு மாற்றினார்.

"பாக்கணும். அவனுக்குப் பாக்கணும்னா பெரியவன் போயிட்டான்னு நான் ஒத்துக்கிடணும். ஒத்துக்கிட்டா போன் நின்னுரும். இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளுதேன். என் சுயநலம்தான், இல்லைங்கல."

பிறகு என் கையைப் பிடித்தார். "நீ வெளிய போயி, அம்மாவுக்குத் தாங்காது, சொல்லக்கூடாதுன்னு சொல்லிரு. எனக்குத் தெரியும்ங்கிறதை மூச்சு விட்டுராத. கூச்சக்காரப் பய. தெரிஞ்சா அப்புறம் எந்தக் குரல்லயும் பேச மாட்டான்."

அதை முடிவு செய்வது நானில்லை, படம் என்றேன். இவர் இதயமோ சாவுச் சேதிக்கு அசையாமல் கிடக்கிறது. நான் முறைப்படி 'உங்கள் மூத்த மகன் இறந்துவிட்டார்' என்று சொல்வேன். ஒன்றும் ஆகாது. டாக்டர் 'சொல்லலாம்' என்று எழுதுவார். குத்தாலிங்கம் நிம்மதியாகச் செயலியை அழித்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார்.

டாக்டர் கண்ணாடியைத் தட்டினார். ஏன் இன்னும் சொல்லவில்லை என்று சைகை காட்டினார்.

சேதியை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்பது விதி. எந்தச் சேதி என்பதற்கு விதி இல்லை, அதைக் குடும்பம் தரும் என்று விட்டுவிட்டார்கள். நான் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னேன்.

"குத்தாலிங்கம் இனிமேல் உங்களுக்குப் போன் செய்ய மாட்டார்."

இதயத்தின் கீழ்ச்சுவரில் முதலில் நிறம் மங்கியது. பிறகு கத்தரிப்பூ நிறம் அடியிலிருந்து மேலே ஏறியது. பாதி இதயம் இருண்டுபோனது. டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஒண்ணும் செய்யலியே" என்றார் செண்பகவடிவு அம்மாள். அவருக்கு வலியே இல்லை. "நல்லாத்தான் இருக்கேன். நெசமாவா சொல்லுத? உங்கிட்டச் சொன்னானா?"

ஜெனிபா மாற்று ஊசியைப் போட்டாள். நான் குனிந்து அவர் காதில், சும்மா சொன்னேன், பரிசோதனைக்காகச் சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நிறம் மெல்லத் திரும்பி வந்தது. ஒரு வாக்கியத்தில் ஆளைக் கொல்லப் பார்த்துவிட்டேன்.

"கெட்டிக்காரிதான்" என்றார் அவர், கொஞ்ச நேரம் கழித்து.

டாக்டருக்கு வேர்த்திருந்தது. "பாத்தியா உலகம்மா, வீட்ல வச்சுச் சொல்லியிருந்தா அம்மா போயிருப்பாங்க" என்றார். சுருங்கும் ரத்தக் குழாய்க்கு மருந்து எழுதினார். 'சொல்லக்கூடாது' வகையில் கையெழுத்துப் போட்டார். எந்த வாக்கியத்துக்கு என்று அவர் கேட்கவில்லை. கூட வந்தவரிடம் சொல்லிவிடு என்று என்னை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனார். அம்மாளை ஓய்வு அறையில் படுக்க வைத்தோம்.

குத்தாலிங்கத்திடம் முடிவைச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அண்ணன் குரலைக் கேட்டப்ப எடுத்த படம் எப்படி மேடம் இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"இருக்கும்" என்றார்.

பிறகு சொன்னார்: "சொல்லக்கூடாதுன்னா சொல்லல. ஆனா, வந்து, இனிமே பேசவும் மாட்டேன் மேடம். கப்பல் ரொம்பத் தூரம் போயிட்டு, போன் கிடைக்காதுன்னு ஒரு மெசேஜ் போட்டு விட்டுருதேன்."

ஏன் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை முக்கா மணி நேரம் அம்மா சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதா. நான் போனை வச்சுட்டுக் கீழ எறங்கிப் போனா, என்னைப் பாத்து 'சாப்பிடுதியா'ங்கா. அவ்வளவுதான். சரி, அண்ணன் மேல உசிரு, இருக்கட்டும். அவன் போயும் அவன்தான் அவளுக்குப் பிள்ளை. அதைத் தெரிஞ்சுக்கிட்டே வாரா வாரம் அவனா வேசம் போட, என்னால முடியல மேடம்."

கீழே இறங்கி வந்த மகனிடம் செண்பகவடிவு அம்மாள் ஏன் 'சாப்பிடுதியா' என்பதோடு நிறுத்திக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டால், தனக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். அவர் காப்பாற்றி வைத்ததாக நினைத்த பிள்ளை, அந்தக் காப்பாற்றலிலேயே வாடிக்கொண்டிருந்தான். மூச்சு விடாதே என்று அம்மா சொல்லியிருக்கிறார். சொன்னால் இவர் கூச்சத்தில் பேச்சை நிறுத்தலாம். சொல்லாவிட்டால் நிறுத்துவது நிச்சயம். இப்படியும் அப்படியும் யோசித்துப் பார்த்ததில், இது இந்த வேலையில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல சேதி என்பதுதான் மனதில் நின்றது. அதை விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை.

"உங்களுக்கும் சர்க்கரை இருக்குல்லா?" என்றேன்.

அவர் திடுக்கிட்டார். "அது... நான் யார்ட்டயும் சொல்லலியே." பிறகு அவரே யோசித்து, ஒரே ஒருவரிடம், வேறொருவர் குரலில் சொன்னது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப வாங்க. சட்டையைக் கழத்திட்டுப் படுங்க. உங்களுக்கு ஒரு சேதி இருக்கு."

"கெட்டதா மேடம்?"

"மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது."

டாக்டர் சாப்பிட்டு வருவதற்குள் முடித்துவிடலாம் என்று ஜெனிபாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், ஆனால் ஊசியை எடுத்தாள். குத்தாலிங்கம் அம்மா படுத்த அதே மேஜையில் படுத்தார். இளம் இதயம், பழுதில்லாத ஆரஞ்சு. நான் என் வாக்கியத்தைச் சொன்னேன்.

"பேசுவது நீங்கள் என்று தெரிந்தேதான் உங்கள் அம்மா ஒரு வருஷமாக உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்."

திரையில் ஓரமாக ஒரு நிழல் விழுந்தது. ஜெனிபாவின் கை ஊசிக்குப் போனது. நிழல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு தானாகக் கலைந்தது. அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. சாவு தெரியுமா என்றார். தெரியும் என்றேன். எப்போதிலிருந்து என்றார். மொட்டையிலிருந்து என்றேன். சந்தனத்தைப் பற்றியும் சொன்னேன். அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையாகி, மேஜையே குலுங்கியது. திரையில் எல்லாம் ஆரஞ்சு.

அடங்கியதும் என் பக்கம் திரும்பினார். மேடம் என்று கூப்பிடவில்லை.

"அப்ப இந்த ஞாயித்துக்கிழமை, வந்து, யாரு பேசணும் அக்கா?"

என் குரல் என் பேச்சைக் கேட்கவில்லை, உடைந்துவிட்டது.

"இத்தனை நாளும் பேசுனவருதான்" என்றேன்.